பல வருஷம் நின்றுபோன பிரீமியர் பத்மினி: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பத்து, பதினைந்து வருஷம் ஷெட்டில் நின்ற பத்மினியை வாங்கி வந்தால், அதை தினமும் ஓடுகிற வண்டி மாதிரி பார்ப்பதுதான் வழக்கமாக இருக்கிறது. ஸ்டார்ட் ஆகவில்லையா, பிளக் மாற்று. நீலப் புகையா, ரிங் போடு. பிரேக் பிடிக்கவில்லையா, லைனிங் ஒட்டு. ஓடித் தேய்ந்த வண்டிக்கு இது சரி. நின்றுபோன வண்டியில் அந்த வருஷங்களில் எதுவும் தேய்ந்திருக்காது. துரு பிடித்திருக்கும், பெட்ரோல் பிசினாகியிருக்கும், ரப்பர் காய்ந்திருக்கும், எலி ஒயரைக் கடித்திருக்கும், குளவி குழாய்க்குள் கூடு கட்டியிருக்கும். வெளியே தெரியும் அறிகுறி அதேதான், உள்ளே காரணம் வேறு. அதனால் ஒவ்வொரு கோளாறுக்கும் "இது நின்றதால் வந்ததா?" என்ற கேள்வியை முதலில் கேட்டு, பிறகு தேய்மானத்தைச் சந்தேகிக்கும்படி இந்த வழிமுறையை அமைத்திருக்கிறேன். பாகம் மாற்றும் செலவில் கணிசமான பகுதி இதிலேயே மிச்சமாகும்.

இங்கே சொல்வது பெட்ரோல் பத்மினிக்கு. அதற்கு முன் வந்த பியட் 1100 டிலைட்டுக்கும் பெரும்பாலும் பொருந்தும். பம்பாய் குர்லாவில் 1964 முதல் டிலைட்டாக வந்த வண்டிதான் 1970களின் நடுவில் பத்மினி என்று பெயர் மாறி, ஏறக்குறைய 2000 வரை தயாரானது. 1089 சி.சி., நான்கு சிலிண்டர், இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், பெரும்பாலானவற்றில் சோலெக்ஸ் கார்புரேட்டர், இன்ஜினோடு சேர்ந்து ஓடும் டயாபிரம் பெட்ரோல் பம்ப், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுச் சோதிக்க முடியும்.

வாங்கும் முன்

"இன்ஜின் ஜாம் ஆகியிருக்கு, ஆனா பாடி பளபளன்னு இருக்கு பாருங்க" என்று விற்பவர் சொன்னால் பளபளப்பைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். இன்ஜின் ஜாம் ஆனால் என்ன செலவாகும் என்று ஒரு லேத் பட்டறையில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பாடி துருவுக்கு அப்படிக் கணக்கு போட முடியாது. பத்மினிக்குத் தனிச் சட்டம் கிடையாது, பாடிதான் சட்டம். கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடு உளுத்துப்போனால் அது அழகுப் பிரச்சினை அல்ல. வண்டியைத் தாங்குகிற எலும்பே போய்விட்டது என்று பொருள்.

ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவு, முன் கண்ணாடி பீடிங்கின் கீழ் ஓரம் ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் உள்ளே இருப்பது தகடு அல்ல, பட்டி. பிறகு தரை விரிப்பைத் தூக்கித் தரைத் தகட்டைப் பாருங்கள். ஜாக்கி வைக்கும் இடம், பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடம், டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழி, இந்த மூன்றையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கடற்கரை ஊர்களில் நின்ற வண்டிக்கும் கோயம்புத்தூர், மதுரைப் பக்கம் நின்ற வண்டிக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் இருக்கும். கடலை விட்டுத் தள்ளி நின்ற வண்டிக்கு நான் கூடுதல் விலை கொடுப்பேன்.

சென்னை வண்டி என்றால் இன்னொன்றும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலோ மூழ்கியதா என்று பார்க்க வேண்டும். கழுவித் துடைத்த வண்டியிலும் சீட் நகரும் தண்டவாளத்துக்குள், ஹெட்லைட் கிண்ணத்துக்குள், டாஷ்போர்டு பின்னால் மெல்லிய வண்டல் மிஞ்சும். வண்டல் தெரிந்தால் ஒயரிங் முழுவதும் புதிதாகப் போடும் செலவையும் விலைப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்.சி. விஷயத்தில் அவசரப்படக் கூடாது. தனியார் கார் பதிவு 15 வருஷத்துக்குச் செல்லும், அதன் பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நின்றுபோன வண்டியில் இந்தப் புதுப்பிப்பு ஓரிரு தடவையாவது விட்டுப்போயிருக்கும். ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண், சேசிஸ் எண் இரண்டும் வண்டியில் பொறித்ததோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்தில் தவணையில் வாங்கிய கார் என்றால், கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இன்னும் ஆர்.சி.யில் இருக்கும். அந்த நிறுவனமே இப்போது இல்லாமல் இருக்கலாம். படிவம் 35-ல் அதை நீக்காமல் பெயர் மாற்றம் நடக்காது, ஆகவே அந்தத் தலைவலி விற்பவர் பக்கமே தீர வேண்டும். உரிமையாளர் காலமாகியிருந்தால் வாரிசுகளில் ஒருவரிடம் மட்டும் பேசி முடிக்காதீர்கள்.

50 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2021-ல் வந்த விண்டேஜ் பதிவும் இருக்கிறது. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், 10 வருஷம் செல்லும், நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' எழுத்துகள் வரும். ஆனால் அந்தப் பதிவோடு கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கும் பெட்ரோல் போடவும் பராமரிப்புக்கும்தான் ஓட்டலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயிலுக்குப் போக ஆசைப்படுகிறவர் சாதாரணப் புதுப்பிப்பையே செய்துகொள்வது நல்லது.

சாவி போடும் முன்

வண்டியை வீட்டுக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். கயிறு கட்டி இழுத்து வராதீர்கள். பிரேக் இருக்கிறதா என்றே நமக்குத் தெரியாது, டயர் பழசு, கியர் விழுந்திருந்தால் காய்ந்த இன்ஜினும் சேர்ந்து சுற்றும். "தள்ளி ஸ்டார்ட் பண்ணிடலாம்" என்று நாலு பேர் வருவார்கள். அன்றைக்கு மட்டும் அவர்களுக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். வருஷக்கணக்கில் நின்றதால் வராத சேதம், காய்ந்த சிலிண்டரில் துரு உரசும் அந்த முதல் அரை நிமிஷத்தில் வரும்.

பழைய பேட்டரியைக் கழற்றுங்கள். ஏர் கிளீனரையும் சைலன்சர் வாயையும் பாருங்கள், எலிக்கூடோ மண் குளவிக் கூடோ இருந்தால் எடுத்துவிடுங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு நாள் வையுங்கள். பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றுங்கள். வடிக்கும்போது முதலில் தண்ணீர் சொட்டுகிறதா என்று கவனியுங்கள். பால் காபி நிறத்தில் ஆயில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படலாம். இன்ஜின் ஃப்ளஷ் திரவம் எதையும் ஊற்றாதீர்கள். அடியில் அல்வா மாதிரி படிந்த கசடு மொத்தமாகக் கிளம்பி ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும்.

ரேடியேட்டரில் என்ன இருக்கிறது, டேங்கில் என்ன இருக்கிறது என்று முகர்ந்து பாருங்கள். கெட்ட பெட்ரோல் வார்னிஷ் வாசனை அடிக்கும். அதை ஒரு சொட்டு கூட கார்புரேட்டர் பக்கம் விடக் கூடாது. தீயணைப்பான் ஒன்றை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்ட பிறகே அடுத்த வேலை.

அறிகுறி 1: கையால் சுற்றினால் இன்ஜின் அசையவில்லை

பிளக்குகள் வெளியே இருக்க, கியர் நியூட்ரலில் இருக்க, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு மெதுவாக முயலுங்கள். அசையவில்லை என்றால் உடனே "ஜாம்" என்று முடிவு கட்டி இன்ஜினை இறக்காதீர்கள். டைனமோவோ வாட்டர் பம்போ இறுகியிருக்கலாம். ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மறுபடியும் முயலுங்கள். செல்ஃப் மோட்டாரின் பல் ஃப்ளைவீலில் மாட்டி நின்றிருக்கலாம், அதையும் கழற்றிப் பாருங்கள்.

அப்படியும் அசையவில்லை என்றால் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கின்றன. ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சம அளவு கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் விட்டு, பிளக் ஓட்டையைத் துணியால் லேசாக மூடி விட்டுவிடுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. தினமும் ஒருமுறை பாருங்கள், அளவு குறைந்தால் மறுபடி விடுங்கள். ஒரு வாரம், இரண்டு வாரம்கூட ஆகும். ஸ்பேனரை முன்னும் பின்னும் சின்னதாக ஆட்டுங்கள். நீளமான பைப் மாட்டி மொத்த பலத்தையும் போட்டால் ரிங் உடையும், பிஸ்டன் கீறும். ஒரு முடி அளவு அசைந்துவிட்டால் மீதி வந்துவிடும்.

இந்த வைத்தியத்துக்கு மூன்று வாரம் பொறுத்தும் அசையாத இன்ஜினுக்கு ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அலுமினிய ஹெட் இரும்பு ஸ்டட்டுகளோடு அரித்து ஒட்டியிருக்கும். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உளியை அடித்து நெம்பினால் ஹெட்டின் முகம் போய்விடும். ஸ்டட் ஓட்டைகளில் துரு நீக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருக்கிற மெக்கானிக்கிடம் மட்டும் இந்த வேலையைக் கொடுங்கள்.

சுலபமாகச் சுற்றுகிறது, ஆனால் ஏதோ ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷனே இல்லை என்றால் வால்வு திறந்தபடி ஒட்டியிருக்கலாம். ராக்கர் கவரைக் கழற்றி ஒருவரைச் சுற்றச் சொல்லி நீங்கள் பாருங்கள். எட்டு வால்வும் ஏறி இறங்க வேண்டும். ஒன்று கீழேயே நின்றால் செல்ஃப் போடாதீர்கள், புஷ்ராடு வளையும். வால்வுத் தண்டில் துரு நீக்கும் எண்ணெய் விட்டு, ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினால் பெரும்பாலும் மேலே வந்துவிடும்.

அறிகுறி 2: 'டக்' என்று சத்தம் மட்டும், செல்ஃப் சுற்றவில்லை

புது பேட்டரி போட்டும் இப்படி என்றால் எர்த்தைப் பாருங்கள். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை பச்சைப் பூத்து, நூல் நூலாகப் போயிருக்கும். நிச்சயப்படுத்த எளிய வழி: செல்ஃப் அழுத்தும்போது சோக் கேபிள் சூடாகிறதா என்று பாருங்கள். எர்த் பட்டை வழியாகப் போக வேண்டிய கரன்ட் வேறு வழி இல்லாமல் அந்த மெல்லிய கேபிள் வழியாகப் போகிறது. தொடர்ந்து அழுத்தினால் கேபிள் உருகிவிடும். பட்டையை மாற்றி, இரண்டு முனையிலும் பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளைத் தகடு தெரியும்படி மாட்டுங்கள்.

மீட்டர் இருந்தால் செல்ஃப் அழுத்தும்போது பேட்டரி முனையில் 10 வோல்ட் அளவாவது நிற்கிறதா என்று பார்க்கலாம். அது நின்றும் செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால் செல்ஃப் மோட்டாரின் புஷ், கார்பன் பிரஷ் ஆகியவற்றை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

அறிகுறி 3: நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவே இல்லை

முதலில் பிளக்குகள் இல்லாமலே சுற்றி, ஆயில் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். அணைந்த பிறகுதான் பிளக்குகளை மாட்ட வேண்டும். ஒரே மூச்சில் பத்து நொடிக்கு மேல் செல்ஃப் போடாதீர்கள், நடுவே ஆற விடுங்கள்.

இனி தீப்பொறி. பிளக் மாட்டும் முன் பெட்ரோல் சமாசாரம் எதுவும் திறந்து கிடக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, ஒரு பிளக்கை அதன் ஒயரில் மாட்டி இன்ஜின் இரும்பில் பிடித்துச் சுற்றச் சொல்லுங்கள். நீலமாக 'சட் சட்' என்று வந்தால் நல்லது. மஞ்சளாக, மெலிதாக வந்தால் பலவீனம். வரவே இல்லை என்றால் காயில், கன்டென்சர் என்று வரிசையாக வாங்காதீர்கள். நின்ற வண்டியில் முதல் சந்தேகம், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயின்ட்தான். பாயின்ட் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் படிந்து கரன்ட்டைத் தடுக்கிறது. தேய்ந்த பாயின்ட்டைப் போலக் குழி விழுந்திருக்காது, பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். மெல்லிய எமரித் தாளால் இரண்டு தேய்ப்பு, பிறகு பெட்ரோலில் நனைத்த அட்டைத் துண்டை நடுவே விட்டு இழுத்துத் துடைக்க வேண்டும். இடைவெளி 0.4 மி.மீ.க்கும் 0.5 மி.மீ.க்கும் நடுவே இருக்கட்டும், பிளக் இடைவெளி 0.6 மி.மீ. அளவில் இருக்கட்டும்.

அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர் கேப். உள்ளே ஈரம், பூஞ்சை, முடி மாதிரி கரிய கோடு ஏதாவது இருந்தால் கோடு விழுந்த கேப்பை மாற்றிவிடுங்கள். ஒயர்களை யாராவது கழற்றி மாட்டியிருந்தால் வரிசை தப்பியிருக்கும். ரேடியேட்டர் பக்கத்துச் சிலிண்டர் 1, வெடிக்கும் வரிசை 1-3-4-2. வரிசை மாறினால் கார்புரேட்டர் வழியாக இருமும், சைலன்சரில் வெடிக்கும்.

பொறி நன்றாக இருக்கிறது என்றால் பிளக் முனையைப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, நனைந்திருந்தால் அதிகமாக வருகிறது. காய்ந்த வண்டிக்கு நான் செய்யச் சொல்வது இதுதான்: டேங்கை மறந்துவிடுங்கள். ஒரு லிட்டர் கேனில் புது பெட்ரோல் எடுத்து, புது ஹோஸ் மூலம் நேராக பம்ப்பின் உள் வாய்க்குக் கொடுங்கள். பம்ப்பின் வெளி வாய் ஹோஸை ஒரு பாட்டிலுக்குள் விட்டு, காயில் ஒயரைக் கழற்றிவிட்டுச் சுற்றினால் பீச்சிப் பீச்சி வர வேண்டும். வரவில்லை என்றால் டயாபிரம் காய்ந்து கிழிந்திருக்கிறது. டயாபிரம் கிட் இன்றும் கிடைக்கிறது. கிழிந்த டயாபிரம் பெட்ரோலை ஆயில் சம்ப்புக்குள் விடக்கூடும், அதனால் ஆயில் குச்சியை முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாசனை வந்தால் ஆயிலையும் மாற்ற வேண்டும்.

பம்ப் தள்ளியும் பிளக் காய்ந்தே இருந்தால் கார்புரேட்டரின் ஊசி வால்வு பிசினில் ஒட்டியிருக்கிறது. நனைந்துபோய் வழிந்தால் அதே ஊசி திறந்தபடி ஒட்டியிருக்கிறது, அல்லது மிதவைக்குள் பெட்ரோல் புகுந்து கனத்துவிட்டது. மிதவையைக் காதருகே குலுக்கினால் உள்ளே சலசலக்கும்.

அறிகுறி 4: ஸ்டார்ட் ஆகிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது

எத்தனை நேரத்தில் நிற்கிறது என்பதே பாதி பதில்.

ஆக்ஸிலேட்டரை விட்டதும் உடனே நின்று, மிதித்தால் மட்டும் ஓடினால் ஐட்லிங் ஜெட் அடைத்திருக்கிறது. கார்புரேட்டரில் மிக மெல்லிய ஓட்டை அதுதான், பிசின் முதலில் அதைத்தான் அடைக்கும். ஜெட்டைக் கழற்றி கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் அடியுங்கள். கம்பியை விட்டுக் குடையாதீர்கள். பித்தளை ஓட்டை ஒரு இழை பெரிதானாலும் பெட்ரோல் அளவு மாறிவிடும், அப்புறம் எந்த ட்யூனிங்கும் நிற்காது.

நாலைந்து நிமிஷம் ஓடி, மூச்சு முட்டுவது போல நிற்கிறது, கொஞ்சம் விட்டால் மறுபடி ஓடுகிறது என்றால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனால் டேங்கின் மூச்சு வழி அடைத்திருக்கிறது. குளவி மண் அடைத்து இப்படி ஆவது நம் ஊரில் சாதாரணம்.

கேனில் ஓடும்போது நன்றாக ஓடி, டேங்கோடு இணைத்ததும் நின்றால் டேங்கில் துரு. பம்ப்புக்கு முன் கண்ணாடி ஃபில்டர் ஒன்று மாட்டினால் செந்தூள் சேர்வது கண்ணுக்கே தெரியும். ஃபில்டரை மாற்றிக்கொண்டே ஓட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டேங்கை இறக்கி, ரேடியேட்டர் பட்டறையில் கொடுத்துக் கழுவி, குழாயையும் ஊதிச் சுத்தம் செய்தால் அந்தத் தொல்லை ஒழியும். பற்றவைப்பு வேலை என்றால் பெட்ரோல் ஆவி முழுவதும் போகும்படி செய்யத் தெரிந்த பட்டறைக்கு மட்டுமே கொடுங்கள். காலியான பெட்ரோல் டேங்க்தான் அதிக ஆபத்து.

இப்போது பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் இந்த வண்டி வடிவமைக்கப்பட்ட காலத்தில் கிடையாது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை உப்ப வைக்கும். ஆகவே பெட்ரோல் ஹோஸ்கள் எல்லாவற்றையும், பார்க்க நன்றாக இருந்தாலும், எத்தனால் தாங்கும் ரகத்துக்கு ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் தீரும் வரை ஓட்டி நிறுத்துங்கள்.

மே மாதச் சென்னை நெரிசலில் சூடாகி நின்று, பம்ப் மேல் ஈரத்துணி போட்டதும் ஓடினால் அது பெட்ரோல் ஆவியாகிக் குழாயில் அடைப்பது. நின்றதால் வந்த நோய் அல்ல, புது வண்டியாக இருந்தபோதும் இருந்ததுதான்.

அறிகுறி 5: புகை

வெள்ளைப் புகை முதல் சில நிமிஷம் வந்து நின்றால் சைலன்சருக்குள் இருந்த ஈரம். இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட். கரும்புகைக்கு சோக் தட்டு முழுசாகத் திறக்கிறதா என்று பாருங்கள், கேபிள் இறுகியிருக்கும்.

நீலப் புகைதான் மனிதர்களை அவசரப்படுத்துகிறது. பிளக் ஓட்டையில் நாம் ஊற்றிய ஆயில் எரிய ஒரு கால் மணி நேரம் ஆகும். ரிங்குகள் அவற்றின் பள்ளத்திலேயே ஒட்டியிருந்தால் புகை தொடரும். ஆனால் வண்டியைச் சாதாரணமாக ஓட்டினால் சில நூறு கிலோமீட்டரில் ரிங்குகள் விடுபட்டுப் புகை குறைவதைப் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன். ஆகவே முதல் வாரத்தில் இன்ஜினைப் பிரிக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். 500 கிலோமீட்டர் ஓட்டி, முதல் ஆயிலை மாற்றி, கம்ப்ரஷன் பாருங்கள். நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஓடும்போது இல்லாமல், காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை என்றால் வால்வு ஆயில் சீல் காய்ந்திருக்கிறது, அது சின்ன வேலை.

ஆயில் விளக்கு இன்ஜின் ஓடும்போது எரிந்தால் பத்து நொடிகூடப் பொறுக்காமல் அணையுங்கள். ஸ்விட்ச்தான் கெட்டிருக்கும் என்று ஊகிக்கும் முன் அந்த இடத்தில் மீட்டர் மாட்டி அழுத்தத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

அறிகுறி 6: சூடேறுகிறது

போர் தண்ணீர் ஊற்றி நிறுத்திய வண்டிகளில் இது நிச்சயம் வரும். உப்பு ரேடியேட்டர் குழாய்களை அடைக்கும், அலுமினிய ஹெட்டின் தண்ணீர் வழிகளை அரிக்கும். ரேடியேட்டர் மேல் பாதி சுட்டு, அடியில் சில இடங்கள் குளிர்ந்திருந்தால் அடைப்பு. மேல் தொட்டியைப் பிரித்து ராடிங் (குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம்) செய்ய வேண்டும். தெர்மோஸ்டாட்டை எடுத்து எறிந்துவிட்டு ஓட்டுவது நம் பட்டறைகளில் ஒரு பழக்கம். எறிய வேண்டாம், வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்து, இல்லை என்றால் புதிது போடுங்கள். இனிமேல் வெறும் தண்ணீர் வேண்டாம், டிஸ்டில்ட் வாட்டரோடு அலுமினியத்துக்கு ஏற்ற கூலன்ட் கலந்து ஊற்றுங்கள்.

பிளாக்கின் பக்கத்தில் வட்டத் தகடுகள் தெரியும். அதில் ஒன்று கசிந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். எல்லாமே ஒரே வயசு.

அறிகுறி 7: பிரேக்

இன்ஜின் ஓடிய சந்தோஷத்தில் தெருவில் ஒரு ரவுண்டு போகத் தோன்றும். இந்தப் பகுதி முடியாமல் வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது. பழைய மாடல்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய்ச் சுற்று. ஒரு வீல் சிலிண்டர் கசிந்தாலும் நான்கும் போகும்.

பெடல் தரை வரை போகிறது என்றால் வீல் சிலிண்டர்களின் ரப்பர் கப் காய்ந்து கசிந்திருக்கிறது. டயரின் உள்பக்கம் ஈரமாகத் தெரியும். வெளியே எங்கும் கசிவு இல்லை, ஆனாலும் பெடல் மெதுவாக இறங்குகிறது என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே கசிகிறது. சிலிண்டரின் உள்சுவரில் துருக் குழி இருந்தால் புது கப் போட்டாலும் ஒரு மாதம்தான். லேத்தில் ஸ்லீவ் போடலாம், அல்லது சிலிண்டரையே மாற்றலாம். மாற்றுவதுதான் என் விருப்பம்.

மிதித்தால் பிடிக்கிறது, விட்டால் விடவில்லை: ரப்பர் பிரேக் ஹோஸ் உள்ளுக்குள் உப்பி ஒருவழிப் பாதை ஆகிவிட்டது. ஷூ ஸ்பிரிங்கை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். சக்கரம் இறுகியிருக்கும்போது அந்தச் சக்கரத்தின் பிளீடிங் நிப்பிளை (பிரேக் ஆயிலும் காற்றும் வெளியேற்றும் திருகை) திறங்கள். சக்கரம் விடுபட்டால் ஹோஸ்தான் குற்றவாளி.

ஹேண்ட் பிரேக் போட்டபடியே நிறுத்தியிருந்தால் லைனிங் டிரம்மோடு ஒட்டியிருக்கும். இன்ஜின் பலத்தால் இழுக்காதீர்கள், லைனிங் பெயர்ந்து வரும். டிரம்மைச் சுற்றிலும் மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். கடைசியாக, பழைய பிரேக் ஆயிலைக் காற்றோடு முழுவதும் எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

அறிகுறி 8: கியர் விழவில்லை

ஸ்டியரிங் பக்கத்துக் கியர் உள்ள வண்டி என்றால் ஒரு சோதனை போதும். இன்ஜினை அணைத்துவிட்டு நான்கு கியரும் போட்டுப் பாருங்கள். அணைத்த நிலையில் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் 'கர்ர்' என்றால் கிளட்ச் விடவில்லை. அணைத்தும் விழவில்லை என்றால் கியர் ராடுகளின் புஷ்கள் காய்ந்து போயிருக்கின்றன, கிரீஸும் புது புஷ்களும் போதும். கியர் பாக்ஸை இறக்க வேண்டியதில்லை.

கிளட்ச் விடாததற்குக் காரணம், பிளேட் துருவால் ஃப்ளைவீலோடு ஒட்டியது. இன்ஜினைச் சூடாக்கி அணைத்து, பெடலை முழுவதும் அழுத்தி ஒரு மரத்துண்டால் முட்டுக்கொடுத்து ஒரு இரவு விடுங்கள். பெரும்பாலும் காலையில் விட்டிருக்கும். விடவில்லை என்றால் பின் சக்கரங்களை உறுதியான ஸ்டாண்டில் தூக்கி, முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரில் ஓடவிட்டு, கிளட்ச்சை மிதித்தபடி பிரேக்கைச் சட்டென்று தொட வேண்டும். இதைத் தனியாகச் செய்யாதீர்கள். ஸ்டாண்டு இல்லாமல் ஜாக்கியை நம்பியும் செய்யாதீர்கள்.

அறிகுறி 9: சார்ஜ் ஆகவில்லை, லைட் மங்கல்

டைனமோ உள்ள வண்டிகளில் சிவப்பு விளக்கு அணையவில்லை என்றால் டைனமோ எரிந்துபோனது என்று கட்ட வேண்டியதில்லை. நெடுநாள் சுற்றாத டைனமோ தன் காந்தச் சக்தியை இழந்திருக்கும். பேட்டரியிலிருந்து ஒரு நொடி கரன்ட் தொட்டால் திரும்பி வரும். எந்த முனையில் தொடுவது என்பது டைனமோ, கட்-அவுட் வகையைப் பொறுத்தது, அதனால் பழைய வண்டி தெரிந்த எலக்ட்ரீஷியன் செய்யட்டும். ஒரு ஹெட்லைட் மங்கல், இண்டிகேட்டர் போட்டால் பார்க் லைட் சேர்ந்து மினுக்குகிறது என்றால் அந்த விளக்கின் எர்த். எலி கடித்த ஒயரை டேப் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம், அந்த நீளத்தை வெட்டிவிட்டுப் புது ஒயர் போடுங்கள்.

அறிகுறி 10: 50 கிலோமீட்டர் வேகத்தில் உதறுகிறது

ஒரே இடத்தில் நின்ற டயர் தட்டையாகியிருக்கும். கொஞ்ச தூரம் ஓடினால் சரியாகும் என்பார்கள், சில நேரம் ஆகவும் செய்யும். ஆனால் டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2312 என்றால் 2012-ன் 23-வது வாரம். பட்டன் நன்றாக இருந்தாலும் பத்து வருஷ டயரோடு நெடுஞ்சாலைக்குப் போகக் கூடாது. 14 அங்குலத்தில் பொருத்தமான அளவு கடைகளில் எப்போதும் இருக்காது, முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

டயர் மாற்றியும் உதறினால் ஸ்டியரிங் பால் ஜாயின்ட்டுகள், முன்பக்க புஷ்கள். ரப்பர் தூளாகியிருக்கும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் புதுசு கேளுங்கள், கிடைக்காத டிரிம், கண்ணாடி, கதவுப் பிடி போன்றவற்றுக்குப் பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை. மும்பையில் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரோடு நின்றுவிட்டன, அவற்றை நம்பி இருந்த பாகங்களின் வரத்தும் இனி குறையும். கடையில் பாகத்தைக் கேட்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள், பிரேக் கப், வாட்டர் பம்ப் கிட், பெட்ரோல் பம்ப் டயாபிரம் மூன்றிலும் ஒரு செட் கூடுதலாக வாங்கி டிக்கியில் போட்டு வையுங்கள்.